ஒரே கோபுரத்தின் கீழ் இரண்டு கருவிகள்

உயரத்தில் இருக்கும் ஒரு நீர்த்தொட்டியில் மட்டத்தை அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி, அந்தத் தொட்டியை நிரப்பும் பம்பை இயக்கும் கருவி இன்னொன்று இருக்கிறது. இடையில் கம்பி இழுக்க வழியில்லை, மேடுபள்ளம் காரணமாகக் குறுந்தூர ரேடியோவும் எட்டவில்லை என்றால், இரண்டிலும் ஆளுக்கொரு மோடமும் சிம் கார்டும் பொருத்திவிடுகிறோம். இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இரண்டும் இணையத்தில் இருக்கும்போது, தொட்டிக் கருவி பம்புக் கருவியின் ஐபி முகவரிக்கு நேரடியாகச் செய்தி அனுப்பினால் ஆகாதா, நடுவில் எதற்கு ஒரு சர்வர்?

நியாயமான கேள்வி. வீட்டு ரவுட்டரின் கீழ் இரண்டு கருவிகளை வைத்து மேசையில் சோதித்தவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்திருக்கும். மொபைல் நெட்வொர்க்கில் மட்டும் அது ஏன் நடப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) போகும் பாதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பின்தொடர வேண்டும்.

மோடத்திலிருந்து கிளம்பும் பாக்கெட்டை மொபைல் கோபுரம் திறந்து பார்த்து வழி சொல்வதில்லை. அதை இன்னொரு உறைக்குள் வைத்து, ஜிடிபி எனப்படும் சுரங்கப்பாதை வழியாக மொபைல் நிறுவனத்தின் மையக் கேட்வேக்கு அனுப்பிவிடுகிறது. அந்தக் கேட்வே வேறு நகரத்தில் இருக்கலாம். ரோமிங் சிம்மாக இருந்தால் பெரும்பாலும் வேறு நாட்டிலேயே இருக்கும். பாக்கெட்டின் ஐபி முகவரி முதன்முதலாகப் பொருள் பெறுவது அங்கேதான். ஆகவே இரண்டு கருவிகளும் ஒரே கோபுரத்தின் கீழ், பத்தடி இடைவெளியில் இருந்தாலும், ஒன்றின் செய்தி கேட்வே வரை போய்த் திரும்பித்தான் மற்றதை அடைய முடியும். கருவிகள் தமக்குள் நேராகப் பேசும் வசதியை, மொபைல் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 12ஆம் வெளியீட்டில் மீட்புப் படையினர் போன்றோருக்காகவும், 14ஆம் வெளியீட்டில் வாகனங்களுக்காகவும் வகுத்தது. நாம் வாங்கிப் பொருத்தும் சாதாரண மோடங்களில் அது கிடையாது.

கேட்வேயைத் தாண்டினால் அடுத்த தடை முகவரி. இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4இல் முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடிதான். அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. கோடிக்கணக்கான சிம்களுக்கு ஆளுக்கொரு பொது முகவரி கொடுக்க எந்த மொபைல் நிறுவனத்தாலும் இயலாது. அதனால் மோடத்துக்குக் கிடைப்பது 10 என்று தொடங்கும் தனி முகவரியாகவோ, இந்தத் தேவைக்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்ட 100.64 தொகுதியிலிருந்து ஒன்றாகவோ இருக்கும். ஆயிரக்கணக்கான மோடங்கள் ஒரு பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளிருந்து வெளியே போகும் பாக்கெட்டைப் பார்த்து, இந்த முகவரி மாற்றத்தைச் செய்யும் நேட் பெட்டி தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. பதில் வந்தால் அந்த வரியை வைத்து உரிய மோடத்துக்கு அனுப்புகிறது. வரியே இல்லாத நிலையில் வெளியிலிருந்து முதலில் வரும் பாக்கெட்டுக்குப் போக இடமில்லை, அது அங்கேயே கைவிடப்படுகிறது.

ஒரே நிறுவனத்தின் சிம்கள் இரண்டும் உள் முகவரியை வைத்துப் பேசிக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரும்பாலான நிறுவனங்கள் சந்தாதாரர்கள் தமக்குள் நேரடியாகப் பேசுவதைக் கேட்வேயிலேயே அடைத்துவைக்கின்றன. இது நமக்கு இடைஞ்சலாகத் தெரிந்தாலும் அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 2015இல் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அந்தக் காரின் பொழுதுபோக்குப் பெட்டியில் 6667ஆம் போர்ட் (வெளி இணைப்பை ஏற்கும் எண்ணிட்ட வாசல்) திறந்தே கிடந்தது. ஸ்பிரிண்ட் என்ற அமெரிக்க மொபைல் நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இருந்த வேறொரு கருவியிலிருந்து அதை நாடு முழுவதும் எட்ட முடிந்தது. ஸ்பிரிண்ட் அந்த வழியை அடைத்தது, காரை உற்பத்தி செய்த நிறுவனம் ஏறத்தாழ 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. பம்பை இயக்கும் ஒரு ரிலேவை அதே போல் திறந்த போர்ட்டின் பின்னால் வைக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. நிலையான பொது முகவரியுள்ள சிம் சில இடங்களில் கிடைக்கும். ஆனால் பொது முகவரி வந்த நிமிடத்திலிருந்து திறந்த போர்ட்டுகளைத் தேடி அலையும் உலகெங்கிலுமுள்ள நிரல்கள் அதன் கதவைத் தட்டத் தொடங்கும். அந்தத் தட்டல் ஒவ்வொன்றும் நம் டேட்டா கணக்கில் சேரும். நிறுவனத்திடம் தனி ஏபிஎன் (சிம் எந்த நெட்வொர்க்குக்குள் நுழைகிறது என்பதைக் குறிக்கும் பெயர்) வாங்குவது இதைவிட நல்ல வழிதான், அதில் நம் சிம்கள் மட்டும் ஒரு மூடிய நெட்வொர்க்கில் இருக்கும். நூற்றுக்கணக்கான கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும், இரண்டு மூன்று கருவிகளுக்குப் பெரும்பாலும் யாரும் அதை அமைத்துத் தரமாட்டார்கள். புதிய முகவரி முறையான ஐபிவி6இல் ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி உண்டு என்றாலும், உள்ளே வரும் இணைப்புகளை மொபைல் நிறுவனத்தின் ஃபயர்வால் பெரும்பாலும் தடுத்தே வைத்திருக்கும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பாக்கெட் அனுப்பி நேட்டில் துளையிடும் உத்தியும் இருக்கிறது. சேரும் இடம் மாறும்போதெல்லாம் வெளிப் போர்ட்டையும் மாற்றும் நேட்களில் அது தோற்றுப்போகும், மொபைல் நெட்வொர்க்கில் அத்தகைய நேட்கள் அரிதல்ல. தோற்றால் எப்படியும் நடுவில் ஒரு சர்வர் தேவைப்படும் என்பதால், தொடக்கத்திலேயே அந்தச் சர்வரை ஏற்றுக்கொள்வது நல்லது என்பதே என் கருத்து. இரண்டு கருவிகளும் வெளியே அழைக்கட்டும். சந்திப்பது பொதுவான ஓரிடத்தில் நடக்கட்டும்.

அந்தப் பொது இடத்துக்குப் பெரும்பாலும் எம்கியூடிடி நெறிமுறைதான் பயன்படுகிறது. 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக அதை வகுத்தார்கள். விலை கூடிய, மெதுவான, அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பு என்பதுதான் அதன் பிறப்புச் சூழ்நிலை. நம் சூழ்நிலையும் அதுவே. ப்ரோக்கர் என்ற நடுவரிடம் தொட்டிக் கருவி ஒரு தலைப்பில் செய்தியைக் கொடுக்கிறது, அந்தத் தலைப்பைக் கேட்டிருக்கும் பம்புக் கருவிக்கு ப்ரோக்கர் அதைச் சேர்ப்பிக்கிறது. ஒன்றுக்கு மற்றதன் முகவரி தெரிய வேண்டியதே இல்லை.

ஆனால் செய்தியைப் பெற வேண்டிய கருவியின் இணைப்பு எப்போதும் திறந்திருக்க வேண்டும், சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நேட் பெட்டியின் அட்டவணை வரி நிலையானதன்று. கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லாவிட்டால் அழிக்கப்படும். இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் யூடிபி முறைக்குக் குறைந்தது 2 நிமிடமாவது வரியை வைத்திருக்க வேண்டும் என்றும், எம்கியூடிடி பயன்படுத்தும் டிசிபி முறையில் நிறுவப்பட்ட இணைப்புக்கு 2 மணி 4 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்றும் இணையத் தர ஆவணங்கள் கூறுகின்றன. நடைமுறையில் இதைவிடக் குறைந்த நேரத்தில் அழிக்கும் நெட்வொர்க்குகள் இருக்கின்றன. அழித்ததை இரு பக்கத்துக்கும் அவை பெரும்பாலும் சொல்வதில்லை. கருவியைப் பொறுத்தவரை இணைப்பு உயிரோடு இருக்கிறது, ப்ரோக்கரைப் பொறுத்தவரையும் அப்படியே. இடையில் பாதை மட்டும் இல்லை. லினக்ஸ் தன் இயல்பு அமைப்பில் ஓர் அமைதியான டிசிபி இணைப்பைச் சோதித்துப் பார்க்க 2 மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அதுவும் நிரல் கேட்டுக்கொண்டால்தான். அதுவரை தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்.

அதனால் உயிர்த்துடிப்புச் செய்தி அவசியமாகிறது. எம்கியூடிடியில் அது வெறும் 2 பைட், ஆனால் அதைச் சுமக்கும் ஐபி, டிசிபி ஹெடர்கள் (பாக்கெட்டின் மேலுறைத் தகவல்கள்) 40 பைட். கேள்வி, பதில், ஒப்புதல் மூன்றையும் சேர்த்தால் ஒரு துடிப்புக்குச் சுமார் 124 பைட் ஆகும். டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தைப் போர்த்தினால் சுமார் 180 ஆகும். நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தால் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 8 மெகாபைட், ஒரு சொல்கூடப் பயனுள்ளதாகப் பேசாமலேயே. வயர்கார்ட் விபிஎன் பயன்படுத்துபவர்கள் வழக்கமாக வைக்கும் 25 விநாடி இடைவெளியில் 60 பைட் பாக்கெட் ஒன்று போவதாகக் கொண்டால், அது மாதத்துக்கு 6 மெகாபைட்டைத் தாண்டும். மாதம் சில மெகாபைட் மட்டுமே தரும் சிம் திட்டங்களில் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்க்காதவர்கள் மாதக் கடைசியில் கருவிகள் ஒவ்வொன்றாக மௌனமாவதைத்தான் பார்ப்பார்கள்.

டேட்டாவைவிட மின்சாரம் பெரிய செலவு. ஒரு சின்னப் பாக்கெட்டை அனுப்பினாலும், எல்டிஇ (4ஜி) மோடம் அதன் பிறகு பொதுவாகப் பத்து விநாடி அளவுக்கு விழித்தபடியே இருக்கும். எப்போது ஓய்வுக்குப் போவது என்பதை நெட்வொர்க்தான் முடிவு செய்கிறது. 25 விநாடிக்கு ஒரு துடிப்பு என்றால் மோடம் கிட்டத்தட்ட பாதி நேரம் விழித்திருக்கிறது. மின்சாரம் தடையில்லாமல் கிடைக்கும் பம்பு பக்கத்தில் இது பொருட்டில்லை, பேட்டரியில் ஓடும் தொட்டி பக்கத்தில் இது சில நாட்களுக்கும் பல ஆண்டுகளுக்கும் உள்ள வேறுபாடு. எனவே இரண்டு கருவிகளையும் ஒரே மாதிரி வடிவமைப்பது வீண். தொட்டிக் கருவி விழித்து, அளந்து, சொல்லிவிட்டுத் தூங்கலாம், அதற்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கேட்கும் காதோடு இருக்க வேண்டியது பம்புக் கருவி மட்டுமே.

இதுவரை சொன்னதெல்லாம் பாதையைப் பற்றி. பாதை சரியாக அமைந்த பிறகும் பல திட்டங்கள் தோற்பது, அனுப்பும் செய்தியின் பொருளில்தான். நான் மிகுந்த கவனம் செலுத்தச் சொல்வது இந்த இடத்தில்.

“பம்பை இயக்கு” என்று தொட்டிக் கருவி கட்டளை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் பம்புக் கருவிக்கு சிக்னல் இல்லை. அது நிலையான அமர்வோடு (இணைப்பு அறுந்தாலும் ப்ரோக்கர் நினைவில் வைத்திருக்கும் அமர்வு) இணைந்திருந்து, செய்தியும் முதல் தரநிலையில் (கியூஓஎஸ் 1, குறைந்தது ஒரு முறையாவது சேர்ப்பிக்கும் தரம்) அனுப்பப்பட்டிருந்தால், ப்ரோக்கர் அதைப் பத்திரமாக வைத்திருந்து மூன்று மணி நேரம் கழித்து இணைப்பு வந்ததும் ஒப்படைக்கும். எம்கியூடிடி தன் கடமையைக் குறைவில்லாமல் செய்துவிட்டது. பம்போ, தொட்டி வேறு வழியில் நிரம்பிய பிறகு ஓடத் தொடங்குகிறது. முதல் தரநிலைச் செய்தி இரண்டு முறை வரவும் வாய்ப்புண்டு என்பதால், “நிலையை மாற்று” என்ற வகைக் கட்டளை இன்னும் மோசம்: ஓடவிட்டு உடனே நிறுத்திவிடும்.

ஆகவே கட்டளையை விட்டுவிட்டு, உள்ள நிலையை அனுப்புவதையே நான் விரும்புகிறேன். தொட்டிக் கருவி சொல்ல வேண்டியது, “இத்தனை மணிக்கு நான் அளந்தபோது மட்டம் 40 விழுக்காடு” என்பது மட்டும். இயக்குவதா நிறுத்துவதா என்ற முடிவைப் பம்புக் கருவி தன்னிடத்திலேயே எடுக்கட்டும். அந்த முடிவுக்கு ஒரு காலக்கெடுவும் இருக்க வேண்டும்: தொட்டிக் கருவி பம்பு ஓடும்போது நிமிடத்துக்கொரு முறை சொல்கிறதென்றால், கடைசி அளவீடு மூன்று நிமிடத்துக்கு மேல் பழையதாகிவிட்டால் பம்பு நின்றுவிட வேண்டும். இப்படி அமைத்தால் இணைப்பு அறுவது, ப்ரோக்கர் விழுவது, தொட்டிக் கருவியின் பேட்டரி தீர்வது ஆகிய எல்லாம் பம்பின் கண்ணுக்கு ஒரே நிகழ்ச்சியாகத் தெரியும், அதற்கான பதிலும் ஒன்றாகவே இருக்கும்.

அளவீட்டின் நேரத்தைச் செய்திக்குள்ளேயே எழுத வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு தலைப்பின் கடைசிச் செய்தியைத் தக்கவைத்துப் புதிதாக இணைபவருக்கு உடனே கொடுக்கும் வசதி ப்ரோக்கரிடம் இருக்கிறது, மிகப் பயனுள்ள வசதிதான். ஆனால் மின்தடைக்குப் பிறகு எழும் பம்புக் கருவிக்கு நேற்றைய மட்டம் இந்த நொடியில் வந்த செய்தி போலவே வந்து சேரும். வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் நம்பும் நிரல் அதைப் புதிய அளவீடாக எடுத்துக்கொள்ளும். 2019இல் தரமாக்கப்பட்ட எம்கியூடிடி 5இல் செய்திக்குக் காலாவதி நேரம் குறிக்கலாம், அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். உள்ளே எழுதிய நேரத்தையும் சேர்த்தே பாருங்கள்.

இதே காரணத்தால் ப்ரோக்கர் தரும் ஒப்புதலைப் பம்பின் ஒப்புதலாகக் கொள்ளக் கூடாது. அது ப்ரோக்கருக்குச் செய்தி கிடைத்தது என்பதற்கு மட்டுமே சான்று. பம்பு ஓடுகிறதா என்பதைப் பம்புக் கருவிதான் சொல்ல வேண்டும், அதையும் ரிலேவை மூடியதை வைத்துச் சொல்லாமல் மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை அளந்து சொல்ல வேண்டும். இறுதி விருப்பம் எனப்படும் வசதி, இணைப்பு திடீரென அறுந்தவரைப் பற்றி மற்றவர்களுக்கு அறிவிக்கும் என்றாலும், துடிப்பு இடைவெளியைப் போல் ஒன்றரை மடங்கு நேரம் கழிந்த பிறகே ப்ரோக்கர் அதை வெளியிடும். 60 விநாடி இடைவெளிக்கு 90 விநாடி தாமதம். காலக்கெடுவை வகுக்கும்போது அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி மோடம். சீரியல் கம்பியை மாட்டி முதலில் சிக்னல் வலிமையைக் கேட்கிறோம். 14 என்று பதில் வருகிறது. 0 என்பது மைனஸ் 113 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு), ஒவ்வொரு எண்ணுக்கும் 2 கூடும் என்பதால் இது மைனஸ் 85, தாராளமாகப் போதும். 99 வந்தால் அளக்கவே முடியவில்லை என்று பொருள். அடுத்து நெட்வொர்க் பதிவைக் கேட்டால் முதலில் 2 வருகிறது, அதாவது தேடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் 1 ஆகிறது, சொந்த நெட்வொர்க்கில் பதிவாகிவிட்டது. ரோமிங்கில் அந்த இடத்தில் 5 வரும். 1ஐ மட்டும் எதிர்பார்த்து எழுதிய ஃபர்ம்வேர் (கருவிக்குள் பதித்த நிரல்) ரோமிங் சிம்மோடு காலமெல்லாம் காத்துக்கிடக்கும். பதிவு ஆகியும் ஐபி கிடைக்கவில்லை என்றால் ஏபிஎன் பெயரைப் பாருங்கள்.

சிக்னலும் பதிவும் சரியாக இருந்தும் பேசத் தொடங்கிய உடனேயே கருவி மறுதொடக்கமாகிறது என்றால், நிரலைத் தேடுவதற்கு முன் மின்வழங்கலைப் பாருங்கள். ஜிஎஸ்எம் (2ஜி) மோடம் ஒலிபரப்பும்போது 577 மைக்ரோவிநாடித் துணுக்குகளில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மல்டிமீட்டரில் சராசரி நன்றாகவே தெரியும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால்தான் ஒவ்வொரு துணுக்கிலும் மின்னழுத்தம் பள்ளத்தில் விழுவது தெரியும். மோடத்தின் மின்சாரம் நுழையும் முனைக்கு அருகே பெரிய மின்தேக்கியும், தடித்த குறுகிய கம்பியும் இதைத் தீர்க்கும். சிக்னல் குறையும்போது மோடம் உரக்கப் பேசும், அப்போது பள்ளமும் ஆழமாகும். மேசையில் ஓடியது களத்தில் ஓடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று கடிகாரம். பேட்டரியால் காக்கப்படாத மைக்ரோகண்ட்ரோலர் 1970 ஜனவரி 1இல் எழுகிறது. டிஎல்எஸ் சான்றிதழைச் சரிபார்க்கும்போது அது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று முடிவுசெய்து இணைப்பை மறுக்கிறது. இதற்குச் சரிபார்ப்பை அணைத்துவிடுவதைத் தீர்வாகச் சொல்பவர்கள் உண்டு. பம்பின் கட்டுப்பாட்டை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைப்பதற்கு அது சமம். கோபுரம் பொதுவாக நேரத்தை அறிவிக்கும், மோடத்திடம் அதைக் கேட்டு வாங்கலாம். கிடைக்காத இடத்தில், இணையம் வழியாக நேரம் கேட்கும் என்டிபி முறை இருக்கிறது.

கருவிகளின் எண்ணிக்கை கூடும்போது மறுஇணைப்பு முறைமை தனிக் கவனம் கேட்கும். மின்தடை நீங்கியதும் ஒரே ஃபர்ம்வேரோடு நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே விநாடியில் எழுந்து ப்ரோக்கரை மோதும், தோற்றால் அனைத்தும் சரியாகப் பத்து விநாடி கழித்து மீண்டும் மோதும். காத்திருப்பை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்கி, அதில் ஒரு தற்செயல் அளவையும் கலக்க வேண்டும். விடாமல் பதிவு கேட்டு நெட்வொர்க்கைத் தொல்லைசெய்யும் சிம்மை நிறுவனம் முடக்கிவைக்கவும் கூடும்.

புதிய மோடம் வாங்குவோர் என்பி-ஐஓடி, எல்டிஇ-எம் என்ற இரண்டு பெயர்களைக் கேள்விப்படுவார்கள். இரண்டும் இத்தகைய சிறு கருவிகளுக்கான மொபைல் முறைகள், 2016இல் 3ஜிபிபியின் 13ஆம் வெளியீட்டில் வந்தவை. பேட்டரிக் கருவிக்கு இவை வரப்பிரசாதம். ஆழ்ந்த உறக்க முறையில் மாதக்கணக்கில்கூடப் பதிவை இழக்காமல் தூங்கலாம். ஆனால் உறங்கும் கருவியை வெளியிலிருந்து எழுப்ப முடியாது என்பதையும் சேர்த்தே வாங்குகிறோம். குறித்த நேரங்களில் மட்டும் விழித்து நெட்வொர்க்கைக் கேட்கும் நீட்டித்த கேட்பு இடைவெளி இதற்கு ஒரு நடுவழி. எல்டிஇ-எம்மில் ஏறத்தாழ 44 நிமிடம் வரை, என்பி-ஐஓடியில் ஏறத்தாழ 3 மணி நேரம் வரை இடைவெளி வைக்கலாம். தொட்டி பக்கத்துக்கு எது வேண்டுமானாலும் சரி. பம்பு பக்கத்துக்கு எல்டிஇ-எம்மோ சாதாரண எல்டிஇயோ மட்டுமே பொருத்தம் என்பது என் தீர்ப்பு.

2ஜி மட்டும் தெரிந்த மலிவு மோடங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2016 முடிவோடு 2ஜியையும், 2022 பிப்ரவரியில் 3ஜியையும் நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ராவின் 2ஜி 2016 டிசம்பரில் நின்றது. பத்தாண்டு ஓட வேண்டிய கருவியில் பொருத்துவதற்கு முன், அந்த நாட்டில் அந்த நெட்வொர்க்கின் ஆயுளை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எதையும் களத்தில் பொருத்தும் முன் நான் செய்து பார்க்கும் சோதனைகள் எல்லாமே இணைப்பைக் கெடுப்பவைதான். பம்பு ஓடும்போது தொட்டிக் கருவியின் ஆன்டெனாவைக் கழற்றுவேன், மூன்று நிமிடத்தில் பம்பு நிற்க வேண்டும். ப்ரோக்கரை நிறுத்தினாலும் அதுவே நடக்க வேண்டும். பம்புக் கருவியின் மின்சாரத்தைத் துண்டித்து, தொட்டிக் கருவியையும் அணைத்துவிட்டு, பம்புக் கருவியை மட்டும் எழுப்புவேன். தக்கவைத்த பழைய மட்டம் வந்தாலும் பம்பு அசையக் கூடாது. ப்ரோக்கருக்கு முன்னால் ஒரு ஃபயர்வால் விதியை வைத்து, இணைப்பை மூடாமல் பாக்கெட்டுகளை மட்டும் விழுங்கச் செய்வது கடைசிச் சோதனை. நேட் வரி அழிவதற்கு மிக நெருக்கமான நிலை அதுதான். அங்கே கருவி தன் துடிப்புக்குப் பதில் வரவில்லை என்பதை உணர்ந்து, பழைய இணைப்பைத் தானே கைவிட்டு, புதிதாக அழைக்க வேண்டும். எத்தனை விநாடியில் அழைக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அது அளவீட்டுக்கு வைத்த காலக்கெடுவுக்குள் அடங்குகிறதா என்று பார்த்த பிறகே பெட்டியை மூடுகிறேன்.